அரிசி டின்னுக்குள் போன்

"போச்சு! இதுவும் திரிஞ்சு போச்சு!"

அத்தாவின் குரல் கேட்டு ஷிபானா அடுப்படிக்கு ஓடினாள்.

கொடைக்கானல் பஜாரில் அவள் அத்தா ஷபீர் சாக்லேட் கடை வைத்திருக்கிறார். கடைக்குப் பின்னாலேயே வீடு. இப்போது அவருடைய ஒரு கையில் கரண்டி, மறு கையில் போன். கிண்ணத்தில் சாக்லேட் ஆற்றுமணல் மாதிரி கிடந்தது.

வெந்நீர்ச் சட்டியின் மேல் கிண்ணத்தை வைத்துத்தான் சாக்லேட்டை உருக்குவார்கள். கண்ணை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் எடுத்தால் வெந்நீர் பொங்கித் தெறிக்கும். ஒரு சொட்டு விழுந்தாலும் மொத்தமும் பாழ்.

"சாக்லேட் கட்டியே சரியில்லம்மா."

"கட்டி என்ன செய்யும்? நீங்க வீடியோவுக்குள்ள போயிட்டீங்க."

ஒரே ஒரு கட்டிதான் மிச்சம். நாளைக்குத் தோழி ஸ்வேதாவின் பிறந்தநாள். வகுப்பு முழுவதற்கும் சாக்லேட் வந்துவிடும் என்று வாக்குக் கொடுத்தது ஷிபானாதான்.

அவள் கையை நீட்டினாள். "போனைத் தாங்க."

"ஆர்டர் வந்தா என்ன செய்ய?"

"வந்த ஆர்டருக்குக் குடுக்க சாக்லேட் வேணும்ல?"

அத்தா சிரித்துவிட்டார். "சரி, அப்ப ஒன்னோட டேப்பு?"

ஷிபானா தன் டேப்லெட்டை ஒரு தடவை பார்த்தாள். அதில் ஆடும் விளையாட்டில் கடைசிக் கட்டத்தில் நிற்கிறாள். இருந்தாலும் பின்வாங்கவில்லை. இரண்டையும் அரிசி டின்னுக்குள் போட்டு மூடி, மேலே ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

சாக்லேட் இளகத் தொடங்கியது. டின்னுக்குள் போன் அடித்தது. அத்தாவின் கை தானாக நீண்டது.

"கரண்டி, அத்தா!"

மறுபடியும் அடித்தது.

"அவசரமா இருக்கப் போகுதும்மா."

"அடுப்புல இருக்கதுதான் அவசரம்."

சொல்லிவிட்டாளே தவிர, அவள் விரல்களும் துறுதுறுத்தன. உள்ளங்கைகளைத் தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டாள்.

சாக்லேட் கண்ணாடி போல் மினுங்கியது. அத்தா அதை அச்சுகளில் ஊற்றி முடித்த நேரம், ஸ்வேதாவின் அம்மா புவனா மூச்சு வாங்க உள்ளே வந்தார்.

"ஏன் பாய், எத்தனை தடவ போன் போடுறது? சாக்லேட் ஆச்சான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்!"

"எடுத்திருந்தா ஆகியிருக்காதும்மா," என்றார் அத்தா. கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். எந்நேரமும் போனைக் குனிந்து பார்த்து வந்த வலி குறைந்த மாதிரி இருந்தது.

"நான் எறங்கலாமா?" என்றாள் ஷிபானா.

"எறங்கு. ஆனா டின்னைத் தொறக்காத. அச்சுல சாக்லேட் இறுகுற வரைக்கும் ஏரிப்பக்கம் ஒரு நடை போயிட்டு வருவோம். இனிமே அடுப்புல சட்டி ஏறுற அன்னைக்கெல்லாம் இதான் சட்டம்."

ஷிபானா அவருக்கு முன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள்.