துரை அண்ணனின் கடைசி கோல்

"கையை எடுங்க. அந்தக் கம்பு என்னுது."

சொன்னவள் ஜான்சி. சவுக்குக் கம்பின் ஒரு முனை அவள் கையில். இருபத்து நாலு அடி தள்ளி மறுமுனை யாரோ ஒருத்தன் கையில். நடுவில் மழை... தாம்பரத்தில் ஒரு வாசலையும் விட்டுவைக்காத ஐப்பசி மழை.

அவள் குரல் காதில் விழுந்ததும் அந்த யாரோ ஒருத்தன் அப்படியே நின்றுவிட்டான். பிறகு மெதுவாகத் திரும்பினான். நனைந்த முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. அதற்குக் கீழே இரண்டு கண்கள்... என்ன கண்ணுடா சாமி என்று ஜான்சியின் மனசு ஒரு நொடி தடுமாறியது. அடுத்த நொடியே அதன் தலையில் ஒரு குட்டு வைத்து உட்கார வைத்தாள். சாவு வீட்டு வேலையாக வந்த இடத்தில் கண்ணாவது, மூக்காவது.

கடைக்காரரிடம் நியாயம் கேட்டாள். ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் வந்தீங்க, நீங்களே பேசித் தீர்த்துக்குங்க என்று அவர் டீ டம்ளரோடு உள்ளே நகர்ந்துவிட்டார். கடையில் கட்டை கட்டையாகச் சவுக்கு அடுக்கியிருந்தது. ஆனால் அவ்வளவு நீளத்தில், கோணல் இல்லாமல், அந்த ஒன்றுதான் இருந்தது.

"பாருங்க, ஒரு சாவுக்காகக் கேக்கறேன். விட்டுடுங்க."

"எனக்கும் சாவுக்குத்தாங்க."

"பாடைக்கு எதுக்கு இருபத்து நாலு அடி? யானையா செத்துப்போச்சு?"

அவன் உதட்டோரம் துடித்தது. சிரிப்பா, அழுகையா... தெரியவில்லை. உங்களுக்கு மட்டும் எதற்கு என்று திருப்பிக் கேட்டான். கோல் போஸ்டின் குறுக்குக் கம்புக்கு என்றாள்.

"எனக்கும் அதுக்குத்தான்," என்றான் அவன், மெல்ல.

ஊரில் அன்றைக்குக் கோல் போஸ்ட் தேவைப்பட்ட சாவு ஒன்றே ஒன்றுதான்.

தாம்பரம் ராக்கெட்ஸ் கால்பந்து கிளப்பின் பத்தாம் நம்பர் அப்பாதுரை. ஊருக்கே துரை அண்ணன். பல்லாவரம் முதல் ஊரப்பாக்கம் வரை அவர் கால் படாத மைதானம் கிடையாது, அவர் பெயர் சொல்லாத டீக்கடை கிடையாது. போன வருஷம் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். இரண்டே வாரத்தில் பக்கவாதம் வந்து வாய் இழுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு பேச்சே இல்லை. நேற்று மூச்சும் இல்லை.

ராக்கெட்ஸில் ஒரு வழக்கம் உண்டு. அவர்கள் ஆட்டக்காரர் ஒருவர் இறந்தால், பாடையை நேரே சுடுகாட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். முதலில் மைதானம். கோல் காக்கும் கோலி ஒருவர் கோலில் நிற்பார். பாடை நெருங்கும்போது அவர் ஒரு பக்கமாகப் பாய்ந்து விழுவார். பாடை கோலுக்குள் நுழையும். கூடியிருக்கும் அத்தனை சனமும் ஒரே குரலில் "கோல்" என்று கத்தும். அதுதான் மனுஷனுக்குக் கடைசி மரியாதை. காலி கோலில் போட்டால் கணக்கில் வராது.

இந்த மழையில் ஏரிக்கரை மைதானம் இடுப்பளவு தண்ணீரில் கிடந்தது. கிளப் செயலாளர் சாம்பசிவன் கையை விரித்துவிட்டார். இந்த ஒரு தடவை வேண்டாம், துரை கோவிச்சுக்க மாட்டான் என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். ஜான்சி ஆட்டவில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. அப்பாவின் தோளில் உட்கார்ந்து துரை அண்ணனின் ஆட்டம் பார்த்து வளர்ந்தவள் அவள். இன்று குரோம்பேட்டையில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் மைதானத்தில் முதல் குரல் அவளுடையதுதான். அவள் கத்தினால்தான் கூட்டம் கத்தும். அப்பேர்ப்பட்டவள் துரை அண்ணனின் கடைசி ஆட்டத்தன்று லீவு கிடைக்காமல் டியூட்டியில் மாட்டிக்கொண்டாள். அவருடைய கடைசி ஆட்டத்தில் அவள் குரல் இல்லை. அந்த முள் இன்னும் உள்ளேயே குத்திக்கொண்டிருந்தது. மைதானம் இல்லைன்னா என்ன, நாற்பதடி ரோடு இருக்கே, அங்கே கோல் நட்டுடலாம் என்று கிளம்பி வந்துவிட்டாள். அவருக்கு அந்த கோல் கிடைத்தே ஆக வேண்டும்.

"நீங்க எந்த ஊரு?" என்று கேட்டாள்.

"அனகாபுத்தூர்."

அவள் புருவம் உயர்ந்தது. ராக்கெட்ஸுக்கும் அனகாபுத்தூர் பாய்ஸுக்கும் எலியும் பூனையும் என்ற உவமைகூடப் பொருந்தாது... அவை எப்போதாவது சமாதானமாக இருக்கும். உங்களுக்கு எங்க அண்ணன் மேல என்ன திடீர் அக்கறை என்று இடித்தாள்.

"எங்க கோலுக்குள்ள அவர் அளவுக்கு யாரும் வந்து போனதில்லீங்க. வூட்டு மனுசன் மாதிரி ஆயிட்டாரு. உங்க மைதானம் முழுகிப்போச்சுன்னு கேள்விப்பட்டேன். நட்டு வெச்சிட்டு சொல்லாம போயிடலாம்னு வந்தேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. சரி, ஒரே வேலைதானே, சேர்ந்தே செய்யலாம் என்று இறங்கி வந்தாள். வெளியே நின்ற குட்டியானை லோடு வண்டிக்கு அந்தக் கம்பு ரொம்ப நீளம். நாலு அடி வெட்டிடலாமே என்றார் டிரைவர். ஜான்சியும் தலையாட்டப் போனாள்.

"வேணாங்க," என்று அவன் கம்பின் மேல் கை வைத்தான். "சின்ன கோல்ல போட்டா அவருக்கு அது கோலே கிடையாது."

ஜான்சி அவனை நிமிர்ந்து பார்த்தாள். இவ்வளவு நேரம் கண்ணைப் பார்த்தவள் இப்போதுதான் மனுஷனைப் பார்த்தாள். பேசாமல் தன் சிவப்புத் துப்பட்டாவை உருவி, பின்னால் வருகிற வண்டிகளுக்குத் தெரியட்டும் என்று கம்பின் நுனியில் கட்டினாள்.

வண்டியின் பின்புறத்தில் எதிரெதிரே உட்கார்ந்து கம்பைப் பிடித்துக்கொண்டார்கள். பள்ளத்தில் வண்டி குதிக்கும்போதெல்லாம் அவன் பாரத்தைத் தன் பக்கம் வாங்கிக்கொண்டான். பெரிய கைகள்... இடது சுண்டு விரல் மட்டும் கோணி நின்றது. மேட்ச்சுக்கு வந்தா எங்கே நிப்பீங்க என்று கேட்டான்.

"எதிர் டீம் கோலுக்குப் பின்னாடி. கோலியை நிம்மதியா நிக்க விடமாட்டேன். அதுதான் என் வேலை."

"பாவம் கோலிங்க."

"பாவமா? உங்க ஊர்ல ஜெரோம்னு ஒருத்தன் இருக்கானே. அவன் மூஞ்சியைக் கிட்டத்தில பார்த்ததில்ல, முதுகுதான் தெரியும். பார்த்தேன்னா இருக்கு அவனுக்கு."

அவன் முகத்திலிருந்த சிரிப்பு வடிந்தது. ஜான்சி கவனிக்காமல் பொரிந்து தள்ளினாள். அண்ணனின் கடைசி ஆட்டம்... கடைசி நிமிஷம்... பெனால்ட்டி. ஊரே எழுந்து நின்று கைதட்டக் காத்திருக்கிறது. எந்த மனுஷனாக இருந்தாலும் ஒதுங்கி நின்று அந்த கோலை விட்டிருப்பான். அந்த ஜெரோம் பாய்ந்து பிடித்துவிட்டான். அண்ணன் கோல் போடாமலே மைதானத்தை விட்டுப் போனார்.

கொஞ்ச தூரம் அவன் மழையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவள் கண்ணை நேராகப் பார்த்தான்.

"அந்த ஜெரோம் நான்தாங்க."

ஜான்சிக்கு இவ்வளவு நேரம் மனசுக்குள் மொட்டு விட்டது எதுவோ, அதை யாரோ மிதித்துவிட்ட மாதிரி இருந்தது. வண்டியை நிறுத்தச் சொன்னாள். இறங்குங்க என்றாள். குறுக்குக் கம்பை மட்டும் கட்டிக் கொடுத்துவிட்டுப் போகிறேனே என்று கேட்டான். முடியாது என்றாள். எதுக்குப் பிடிச்சீங்க என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

முடிச்சூர் ரோட்டுப் பஸ் ஸ்டாப்பில் இறங்கினான். போவதற்கு முன் ஒன்று மட்டும் சொன்னான். "பாடையில பூ வளைவை உயரமா கட்டச் சொல்லாதீங்க. கோல் உயரம் எட்டடிதான் கீது. தட்டிடும்."

வண்டி நகர்ந்தது. அவன் பிடித்திருந்த முனையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டியிருந்தது அவளுக்கு. கனத்தது... கம்பு மட்டுமா கனத்தது?

துரை அண்ணன் வீட்டு வாசலில் தார் டின்களில் மணலைக் கொட்டி, கம்புகளை நட்டு, நடுவே அந்த நீளக் கம்பைக் கட்டி, சாம்பசிவன் வீட்டில் பத்திரமாக இருந்த வலையை மாட்டினார்கள். ரோட்டை அடைத்துக்கொண்டு முழு அளவில் நின்றது கோல். பூக்காரரிடம் வளைவைத் தாழ்வாகக் கட்டச் சொன்னாள் ஜான்சி.

கோலில் நம்ம பையன் ஒருத்தனையே வேறு சட்டை போட்டு நிறுத்திவிடலாம் என்றார் சாம்பசிவன். அப்போதுதான் உள்ளேயிருந்து அம்மணி எழுந்து வந்தாள். துரை அண்ணனின் மனைவி. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது, ஆனால் பேச்சு நிதானமாக வந்தது.

"அன்னிக்கு பிடிச்சானே, அந்தப் பையன் எங்க? அவன் நிக்கட்டும்."

கூட்டம் முணுமுணுத்தது. அம்மணி ஜான்சியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்குத் தெரியாதும்மே. அன்னிக்கு வூட்டுக்கு வந்து இந்த மனுசன் சிரிச்சிகினே சோறு துன்னாரு. ஊரே எனக்குப் பிச்சை போட நின்னுச்சு அம்மணி, அந்தப் புள்ள ஒருத்தன்தான் என்னை ஆட்டக்காரனா மதிச்சான்னு சொன்னாரு. அவனைக் கூப்பிட்டு ஒரு வேளை கறி சோறு போடணும்னாரு. அதுக்குள்ள வாயி இழுத்துக்கிச்சு. நான் சாம்பசிவன்கிட்ட சொன்னேன், கூட்டியாப்பான்னு. அவன் எங்க கேட்டான்."

சாம்பசிவன் தலையைக் குனிந்துகொண்டார்.

ஜான்சி நிற்கவில்லை. செருப்பைக்கூடத் தேடவில்லை. கணுக்கால் தண்ணீரில் ஓடினாள். போயிருப்பான்... இந்நேரம் எத்தனை பஸ் போயிருக்கும்... போயிருக்கக் கூடாது. முதல் தடவையாக ஒரு எதிரணி கோலி அங்கேயே நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

நின்றிருந்தான். மழைக்கு ஒதுங்காமல், ரோட்டோரமாக.

"பஸ் வரலியா?" என்றாள் மூச்சிரைக்க.

"வந்துச்சு. அவரு இப்படித்தானே போவாரு... ஒரு கும்பிடு போட்டுட்டுப் போலாம்னு நின்னேன்."

அதற்குமேல் அவளுக்குக் கௌரவமாவது, வீம்பாவது. எதுக்குப் பிடிச்சீங்க என்று இப்போது கேட்டாள். கேட்காமல் விட்டதற்கும் சேர்த்துக் கேட்டாள்.

"அவரு முழுசா ஒதைச்சாருங்க. அந்த வயசுலயும் முழுசா. அதைப் போய் விட்டுக்குடுக்கறது அவரை அவமானப்படுத்தற மாதிரி."

"வாங்க," என்றாள். "அம்மணி அக்கா கூப்பிடறாங்க. நீங்கதான் கோலி."

அவன் தயங்கினான். ஊர்க்காரர்கள் விடமாட்டார்கள் என்றான். ஜான்சி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். தெரு முழுக்கப் பார்க்கப் பிடித்தபடியே கூட்டிவந்தாள். இரண்டு பேர் குறுக்கே வந்தார்கள்.

"நான்தான் கூட்டியாந்தேன். யாருக்காவது ஏதாவது கேக்கணுமா?"

யாருக்கும் ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

மேளம் நின்றது. ராக்கெட்ஸ் பையன்கள் பாடையைத் தூக்கினார்கள். மேலே சிவப்புச் சட்டை, பத்தாம் நம்பர். ஜெரோம் கோலில் குனிந்து, கைகளை விரித்து நின்றான். ஜான்சி வழக்கம்போல் வலைக்குப் பின்னால் போய் நின்றாள். இத்தனை வருஷம் திட்டித் தீர்த்த அதே முதுகு... இன்று குலுங்கிக்கொண்டிருந்தது.

பாடை நெருங்கியது. ஜெரோம் இடப்பக்கம் பாய்ந்தான். பாசாங்குக்கு அல்ல... முழுசாக, நிஜமாக, தண்ணீர் தெறிக்கப் பாய்ந்து விழுந்தான். பூ வளைவு தட்டாமல் துரை அண்ணன் கோலுக்குள் வந்தார்.

கத்த வேண்டியவள் ஜான்சி. கத்தாமல் வலையை இறுகப் பிடித்து நின்றாள். தெருவே அவள் வாயைப் பார்த்தது. சேற்றில் கிடந்தபடியே அவன் மெதுவாகச் சொன்னான்.

"கத்துங்க. உங்க குரல் இல்லாம அவரு போகக்கூடாது."

"கோ...ல்..."

அடிவயிற்றிலிருந்து வந்தது. அதன் பின்னாலேயே தெரு முழுக்கக் கத்தியது. மாடியில் நின்றவர்கள் கத்தினார்கள். அம்மணி மார்பில் அடித்துக்கொண்டே சிரித்தாள். ஒரு வருஷமாகக் குத்திய முள் ஜான்சிக்குள்ளிருந்து கழன்று விழுந்தது.

மேளம் திரும்பவும் ஆரம்பித்து, ஊர்வலம் தெருமுனை தாண்டியது. அவன் தெருமுனைவரை போய்க் கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தான். வலையைக் கழற்ற ஆள் வேண்டுமே என்றான். நல்ல சாக்கு. மழை தூறலாகியிருந்தது.

"என் குரலை எப்படித் தெரியும் உங்களுக்கு?" என்று கேட்டாள் ஜான்சி. "நான் மேட்ச்சுக்கு வருவேன்னு வண்டியிலதானே சொன்னேன்."

அவன் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, அவளைப் பார்க்காமல் பேசினான். "கடையிலேயே தெரிஞ்சிக்கினேன். மூஞ்சியைப் பார்க்கறதுக்கு முன்னாடியே. நாலு வருசமா முதுகுல வாங்கின குரலாச்சே. அன்னிக்கு பெனால்ட்டி பிடிச்சப்போ மைதானமே என்னைத் திட்டுச்சு. அந்த ஒரு குரலை மட்டும் காணோம். அதைத்தான் தேடிகினு இருந்தேன்."

நாலு வருஷத்தில் ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்திருக்கலாமே என்றாள்.

"கோலி திரும்பக் கூடாதுங்க. திரும்பினா கோல் விழுந்துடும்."

அவள் மெதுவாக நடந்து கோலுக்குப் பின்னால் போனாள். வலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதிரே அந்த முதுகு, சேறும் ஈரமுமாய்...

"ஏய் ஜெரோம்," என்றாள், ஞாயிற்றுக்கிழமைக் குரலில். "திரும்பு."

திரும்பினான். மழைத்துளி தொங்கும் இமைகள்... அதே கண்கள்.

"என் பேரு ஜான்சி. அடுத்த மேட்ச்சுக்கும் இங்கதான் நிப்பேன். திட்டத்தான் செய்வேன், எங்க டீமை விட்டுக்குடுக்க மாட்டேன். ஆனா எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு. முழுசா."

அவன் வலையை ஒட்டி வந்து, அவள் விரல்கள் இருந்த இடத்தில் தன் கோணல் சுண்டு விரலை வைத்தான்.

"கோல்," என்றான், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.