ரயில் கேட்டின் புது மூளை

"போச்சு! மறுபடியும் இடிச்சிடுச்சு!"

விசாரணை தலையில் கை வைத்துக்கொண்டாள். பொம்மை ரயில் தண்டவாளத்தை விட்டு இறங்கிக் கிடந்தது. பொம்மை லாரி நான்கு சக்கரங்களையும் மேலே தூக்கி மல்லாந்து கிடந்தது.

அவளுக்கு வயது பத்து. எதைப் பார்த்தாலும் ஏன், எப்படி என்று குடைந்தெடுப்பதால் வீட்டில் வைத்த பட்டப்பெயர்தான் விசாரணை. பள்ளிக் கண்காட்சிக்காக அவளும் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் அண்ணனும் சேர்ந்து பள்ளியின் பெரிய கூடத்தில் ஒரு குட்டி ஊரையே கட்டியிருந்தார்கள். ரயில் வரும்போது கேட் இறங்கி லாரியைத் தடுக்க வேண்டும். அதுதான் அதன் விசேஷம். கண்காட்சிக்கு இன்னும் இரண்டே நாள்.

"யாரோ தண்ணி மோட்டார் போட்டிருக்காங்க. கரண்ட் ஒரு நொடி போய் வந்துச்சு" என்றான் அண்ணன். "ரயிலும் லாரியும் பேட்டரியில ஓடுது, அதுங்க நிக்கல. கேட்டுக்குக் கரண்ட் வேணுமே!"

"கரண்ட்தான் உடனே வந்துடுச்சே. அப்புறமும் ஆறு நொடி கேட் மரம் மாதிரி நின்னுச்சு. நான் எண்ணினேன்."

அண்ணன் கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த கறுப்புச் சிப்பைக் காட்டினான். "இதுதான் கேட்டோட மூளை. கரண்ட் போனா எல்லாத்தையும் மறந்துடும். வந்ததும் பக்கத்துல இருக்கிற மெமரி கார்டைப் பார்த்து முதல்லேருந்து படிக்கும்."

"பரீட்சை மணி அடிச்சப்புறம் புத்தகத்தைத் திறக்கிற மாதிரி. உன்னை மாதிரியேதான்!"

"உதை வாங்குவே!" என்றான் அண்ணன்.

மறுநாள் காலையில் இன்னொரு கூத்து. ரயில் வந்தால் கேட் திறந்தது. ரயில் போனதும் மூடிக்கொண்டது!

அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "என் டிசைன்ல தப்பே கிடையாது!"

விசாரணை குனிந்து பார்த்தாள். மெமரி கார்டின் மேல் பூப்படம் ஒட்டியிருந்தது. "அண்ணா, இது நம்ம கார்டு இல்ல."

மேசைக்குப் பின்னாலிருந்து விசும்பல் கேட்டது. நான்காம் வகுப்புக் கடுகு! ஆள் அவ்வளவு சிறியவள் என்பதால் பள்ளி முழுக்க அவளுக்கு அந்தப் பெயர்தான்.

"நான்தான் மாத்தினேன்க்கா. நானும் ஒரு கேட் டிசைன் செஞ்சேன். அது வேலை செய்யறதை ஒரே ஒரு தடவை பார்க்கணும்னு ஆசை. ஆனா தலைகீழா ஆயிடுச்சு. உங்க கார்டு இதோ பத்திரமா இருக்கு."

"இனிமே இந்தப் பக்கமே வராதே!" என்று அண்ணன் பாய்ந்தான்.

விசாரணைக்கும் கோபம்தான். ஆனால் அதைவிடப் பெரிதாக ஒரு யோசனை மின்னியது. "அண்ணா, நில்லு! நேத்து கேட் மறந்துச்சு. இன்னைக்கு ஏமாந்துச்சு. ரெண்டுக்கும் காரணம் ஒண்ணுதான். மூளை ஓரிடம், ஞாபகம் வேறிடம்! ரெண்டும் ஒரே வயித்துக்குள்ள இருக்கிற சிப் கிடைக்காதா?"

அன்று மாலை வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக அவள் அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். அம்மா லிஃப்ட்டுகளின் மின்பலகைகளைப் பழுதுபார்ப்பவர்.

"அம்மா, கரண்ட் போனா மறக்காத சிப் இருக்கா?"

"இருக்கே, ஃபிளாஷ் சிப்! நாம போட்டுக் கொடுக்கிற டிசைனெல்லாம் அதுக்குள்ளேயே பதிஞ்சிருக்கும். கரண்ட் வந்த உடனே வேலையை ஆரம்பிச்சுடும்."

"வெளியில கார்டு கிடையாதா?"

"கிடையாது. அதனால மாத்தி வைக்கிறதுக்கும் வழியில்ல, கார்டுலேருந்து சிப்புக்குப் போறப்ப ஒட்டுக்கேட்டுக் காப்பியடிக்கிறதுக்கும் வழியில்ல. உள்ளே ஒரு ரகசியப் பூட்டும் போடலாம்." அம்மா இழுப்பறையைத் துழாவி, அந்தச் சிப் பொருத்திய ஒரு சோதனைப் பலகையை எடுத்தார். "இந்தா. உடைச்சுடாதீங்க."

அண்ணன் கம்ப்யூட்டரில் தன் டிசைனைப் புதுச் சிப்புக்கு ஏற்றபடி மாற்றி ஏற்றினான். பூட்டும் போட்டான். "பூட்டு பலமா இருக்கான்னு எப்படித் தெரியும்?"

"அதுக்கு ஆள் இருக்கு" என்றாள் விசாரணை.

மறுநாள் காலையில் அவள் கடுகைக் கையோடு அழைத்து வந்தாள். அண்ணன் முறைத்தான்.

"கடுகு, உன்னால முடிஞ்சா இந்தக் கேட்டை ஏமாத்து, பார்க்கலாம்!"

கடுகு பயந்து பயந்துதான் ஆரம்பித்தாள். பிறகு ஆர்வம் தொற்றிக்கொண்டது. தன் கார்டைச் செருக இடம் தேடினாள், இல்லை. கம்ப்யூட்டரை இணைத்து உள்ளே இருப்பதைப் படிக்கப் பார்த்தாள், சிப் வாயே திறக்கவில்லை. புது டிசைனை ஏற்றிப் பார்த்தாள், பூட்டு விடவில்லை. கடைசியில் பிளக்கையே பிடுங்கிச் செருகினாள். கேட் அடுத்த கணமே வேலைக்கு வந்துவிட்டது!

"அப்பாடி! இது ஏமாறவே மாட்டேங்குதுக்கா!" என்று கடுகு துள்ளினாள். "ஆனா, லாரி ரொம்பக் கிட்ட நிக்குது. கேட் கம்பி அது தலையில விழும். லாரி நிக்க வேண்டிய கோட்டைக் கொஞ்சம் பின்னாடி தள்ளலாமே?"

அண்ணன் குனிந்து அளந்தான். அவள் சொன்னது சரிதான். கோட்டை அழித்து இரண்டு விரற்கடை பின்னால் வரைந்தான்.

பத்து மணிக்குக் கூடம் நிரம்பி வழிந்தது. தலைமையாசிரியர் குட்டி ஊரின் முன்னால் வந்து நின்ற நேரம், ரயில் வளைவில் திரும்பியது. லாரி கேட்டை நோக்கி உருண்டது. எங்கோ தண்ணி மோட்டார் உறுமியது.

பட்டென்று விளக்குகள் அணைந்தன.

விசாரணை மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கடுகு அவள் கையை இறுக்கினாள்.

விளக்குகள் எரிந்தன. எரிந்த அதே நொடியில் கேட் சடாரென்று இறங்கியது. லாரி கோட்டில் கச்சிதமாக நின்றது. ரயில் கடகடவென்று கடந்து போனது!

கூடமே அதிரக் கைதட்டல்.

"பிரமாதம்! இது யார் யாரோட வேலை?" என்று கேட்டார் தலைமையாசிரியர்.

விசாரணை அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டான். பிறகு கூட்டத்துக்குள் மறையப் பார்த்த கடுகின் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினான்.

"நாங்க மூணு பேரும் சார்" என்றான்.

குட்டி ஊரின் முன்னால் வைத்திருந்த பெயர் அட்டையில் இரண்டு பெயர்கள்தான் இருந்தன. கடுகு பேனாவை வாங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, மற்ற இரண்டையும்விடப் பெரிய எழுத்தில் தன் பெயரை எழுதினாள்.