நிற்காத கை

தினமும் காலையில் என் கணவர் சென்னியப்பன் எங்கள் அடுக்ககத்தின் சங்க அலுவலகத்தில் போய் நிற்பார். சங்கத் தலைவர் ரித்விக் ஐயா தன் மோதிரத்தைக் கழற்றி மேசைமேல் வைப்பார். அவர் காலத்தில் பிறந்த கிழவர்களுக்கெல்லாம் ரித்விக், தர்ஷன் என்றுதான் பெயர்.

"எங்க, எடுங்க பாக்கலாம்" என்பார்.

என் கணவர் கையை நீட்டுவார். மோதிரத்துக்கு ஒரு சாண் முன்னால் கை விறைத்து நின்றுவிடும். தோள் முதல் விரல் நுனி வரை விறகுக் கட்டைதான். ரித்விக் ஐயா சிரித்தபடி மோதிரத்தை மாட்டிக்கொண்டு, வெளியூர் போனவர்களின் வீட்டுச் சாவிகளை அவரிடம் கொடுப்பார். அந்த வீடுகளில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, பூனைக்குச் சோறு வைப்பது, ஒழுகும் குழாயைச் சரிசெய்வது எல்லாம் அவர் வேலை. இந்தச் சடங்குக்குக் கை பார்த்தல் என்று பெயர்.

கோயம்புத்தூரில் இப்போது இது எல்லா அடுக்ககத்திலும் உண்டு. பெரிய குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர்கள் விடுதலையாகும் நாளில் பிடரியில் ஓர் அரிசி அளவு சிப்பைப் புதைத்து அனுப்புகிறார்கள். அரசு அதற்கு நெறிமணி என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறது. இந்தக் காலத்தில் கரண்டி முதல் கதவு வரை ஒவ்வொரு பொருளிலும் உடைமைக்குறி இருக்கிறது. உடையவர் அந்தக் குறியில் சம்மதம் பதியாமல், வாயால் மட்டும் சொல்லி, கை அதன் பக்கம் போனால் மணி கையைக் கட்டிவிடும்; ஆள்மேல் ஓங்கினாலும் அப்படியே. ஆகவே மணிக்காரர்களால் திருட முடியாது, பூட்டை உடைக்க முடியாது, ஒருவரை அடிக்கவும் முடியாது.

சிறைக்குப் போனவன் திருந்துவானா என்று முன்பெல்லாம் பட்டிமன்றம் வைத்துப் பேசுவார்களாம். இப்போது அந்தக் கேள்வியே யாருக்கும் தேவைப்படவில்லை. கூடப்பிறந்த தம்பியிடம் சாவி கொடுக்காதவர்கள்கூட மணிக்காரரிடம் பீரோவைத் திறந்து போட்டுவிட்டு ஊட்டிக்குப் போகிறார்கள். விசேஷ நாட்களில் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு தங்கச் சங்கிலியை வைத்து, விருந்தாளிகள் முன்னால் கை பார்ப்பார்கள். கை நின்றதும் கைதட்டுவார்கள். பிறகு ஒரு டம்ளர் காபி கொடுப்பார்கள், அதுவும் நிற்க வைத்துத்தான். "உங்க கை தங்கமுங்க" என்பார்கள். அந்தக் கையோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஆளைப் பற்றி ஒரு வார்த்தை வராது. இந்தக் கும்பலுக்குத்தான் நான் என் பங்குக்குத் துணி மடித்துக் கொடுக்கிறேன்.

என் கணவர் வாலிபத்தில் ஒரு நகைக்கடையின் கதவைப் பெயர்த்து உள்ளே போனவர். ஏழு வருடம் சிறையில் இருந்தார். அதைத் தெரிந்துதான் நான் கட்டிக்கொண்டேன். தெரியாமல் இருந்தது வேறொன்று. கல்யாணமான புதிதில் ஒருநாள் சங்கத் தோட்டத்தில் நடந்துகொண்டிருந்தோம். பாதையில் ஒரு கொய்யா விழுந்து கிடந்தது. அது சங்கத்துச் சொத்து. தோட்டக்காரர் மட்டும்தான் தொடலாம். என் கணவர் பேச்சு மும்முரத்தில் குனிந்து, அதை எடுத்து, ஓரத்திலிருந்த கூடையில் போட்டார்.

"ஏனுங்க, உங்க கை நிக்கலீங்களே?"

அவர் தன் கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அது செத்து ரொம்ப நாளாச்சு துளசி. மோட்டார் ரூம்ல எனக்கு ஷாக் அடிச்சுதுன்னு சொன்னனில்ல, அன்னிக்கே போயிருச்சு."

"அப்ப தெனமும் காலைல அங்க போய் நிக்கறது?"

"நடிக்கறேன்."

எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வந்தது. அந்த மோதிரக் கிழவரை நினைத்து நினைத்துச் சிரித்தேன். சிரித்து ஓய்ந்ததும் பயம் வந்தது. செத்த மணியை மறைப்பதே தனிக் குற்றம்.

"ஆபீஸ்ல சொல்லிப் போடலாமில்லீங்க?"

"சொன்னா புதுசு வெச்சிருவாங்க. இத்தன வீட்டுச் சாவி எங்கிட்ட இருக்குது. எடுக்கோணும்னா எடுக்கலாம். ஒவ்வொரு வீட்டுக்குள்ளயும் போறேன், எதையும் தொடாம வெளிய வரேன். தடுக்கறதுக்கு உள்ள ஒண்ணுமில்ல, நான் மட்டுந்தான் இருக்கறேன். அது எனக்குத் தெரிஞ்சா போதும். வேற யாருக்கும் தெரிய வேண்டாம்."

அந்த நிமிடம் அவர்மேல் எனக்கு வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை. நான்கு வருடம் அப்படியே ஓடியது. நெறிமணி நிலையத்திலிருந்து வருடா வருடம் ஓர் அதிகாரி சோதனைக்கு வருவார். கருவியைப் பிடரியில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. கருவி ரிப்பேர். அவரும் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்து "எடுப்பா" என்பார். என் கணவர் கையை விறைப்பார். சோதனை முடிந்தது, அதிகாரிக்கு ஏலக்காய் டீ.

போன சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஒன்பதாம் மாடியில் ரித்விக் ஐயா வீட்டுக் கதவிடுக்கில் புகை வந்தது. அவர் பொள்ளாச்சிக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார், போனை எடுக்கவில்லை. உள்ளே அவர் மனைவி ஹர்ஷிதாம்மா தனியாக இருந்தார். உள்தாழ்ப்பாள் போட்டிருந்ததால் சாவி உதவவில்லை. கதவைத் தட்டினால் முனகல் மட்டும் கேட்டது.

மாடி முழுக்க ஆட்கள் கூடிவிட்டார்கள். உடையவர் சம்மதம் இல்லாமல் கதவை உடைத்தால் யாராயிருந்தாலும் தண்டனை உண்டு, தண்டனைக்குப் பின்னால் மணியும் உண்டு. மூன்றாம் மாடி வக்கீல் தர்ஷன் அதை எல்லோருக்கும் பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தார். ஒருவர் வீடியோ எடுத்தார். இன்னொருவர் ரித்விக் ஐயாவின் போனுக்குப் பதினைந்தாவது முறையாக முயன்றார். தீயணைப்பு வண்டி இன்னும் வந்துசேரவில்லை. நல்ல குடிமக்கள் அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு, முனகல் அடங்குவதைக் கேட்டபடி நின்றார்கள். அவர்கள் பிடரியில் எந்த மணியும் இல்லை.

என் கணவர் மோட்டார் அறையிலிருந்து கடப்பாரையோடு வந்தார். கதவைத் தொடும் முன்பு என்னைத் திரும்பிப் பார்த்தார். தொட்டால் எது போகும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

"போங்க" என்றேன்.

பழைய வித்தை மறக்கவில்லை. கீல் பக்கம் கடப்பாரையைக் கொடுத்து ஒரே நெம்பு. கதவு சாய்ந்தது. புகைக்குள் போனவர் ஹர்ஷிதாம்மாவைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். கிடத்தித் தண்ணீர் தெளித்ததும் அந்த அம்மாள் இருமினார், கண்ணைத் திறந்தார்.

யாரும் கைதட்டவில்லை. தர்ஷன்தான் முதலில் பேசினார்.

"ஏங்க, இவரு கை நிக்கலீங்களே!"

அவ்வளவுதான். போன வாரம்தான் தன் பூனையை நம்பி ஒப்படைத்துவிட்டுப் போன ஏழாம் மாடி அம்மாள், முந்தானையை இழுத்துக் கழுத்துச் சங்கிலியை மூடிக்கொண்டார். எனக்குக் காறித் துப்பலாம் போல இருந்தது.

மறுநாள் சங்கக் கூட்டம். பொண்டாட்டி உயிரோடு வீட்டில் கஞ்சி குடித்துக்கொண்டிருக்க, ரித்விக் ஐயா தலைமை நாற்காலியில் உட்கார்ந்து வருத்தப்பட்டார்.

"இத்தன வருசமா எங்க சாவியெல்லாம் உங்க கையில இருந்திருக்குது சென்னியப்பன். நெனச்சாலே உடம்பு நடுங்குது."

"ஏதாச்சும் காணாமப் போச்சுங்களா?" என்றேன் நான்.

"இல்ல அம்மிணி. ஒண்ணும் போகல. அதான் பயமா இருக்குது. மணி செத்திருக்குது, கையில சாவி இருக்குது, ஒருத்தன் எதுக்காக எடுக்காம இருப்பான்? அதுக்கு ஒரு காரணம் வேணுமில்ல?"

கூட்டம் முழுக்கத் தலையாட்டியது. நான் அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவர்களுக்கு நிஜமாகவே புரியவில்லை. தடுக்க ஆளில்லாத வீட்டில் தாங்கள் என்ன செய்வோம் என்று ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது, அதனால்தான் அந்த நடுக்கம்.

முடிவு செய்தார்கள். புது மணி வைத்துக்கொண்டால் வேலையும் நாங்கள் குடியிருக்கும் கீழ்த்தள வீடும் இருக்கும், போலீசுக்குப் போக மாட்டார்கள். இல்லையென்றால் மறுபடி சிறை. நெறிமணி நிலைய அதிகாரியும் இதற்கு ஒத்துக்கொண்டார். கைக்கடிகாரத்தை வைத்துச் சோதித்த கதை வெளியே வந்தால் அவர் வேலையும் போய்விடும் அல்லவா.

"வேண்டாமுங்க. எங்கியாச்சும் போயிரலாம்" என்றேன் வீட்டுக்கு வந்து.

"எங்க போறது? எங்க போனாலும் கை பாப்பாங்க. நான் ஜெயிலுக்குப் போயிட்டா உன்னை இங்கிருந்து கெளப்பிருவாங்க." சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "உனக்குத் தெரியுமில்ல, நான் எடுக்கல."

"தெரியுமுங்க."

"அப்ப சரி."

மணி வைத்து மூன்றாம் நாள் ஹர்ஷிதாம்மா எங்கள் இருவரையும் ஒன்பதாம் மாடிக்குக் கூப்பிட்டார். நன்றி சொல்லத்தான் என்று நம்பி நல்ல சேலை கட்டிக்கொண்டு போனேன். புதுக் கதவு போட்டிருந்தார்கள். அக்கம்பக்கத்தார் எல்லோரும் சோபாவில் இருந்தார்கள். நடுவில் தாம்பாளம், வெற்றிலை, அந்த அம்மாளின் சங்கிலி.

"உசுரக் காப்பாத்துனீங்க, மறக்க மாட்டேனுங்க" என்றார். "புது மணி வெச்சாச்சுன்னு சொன்னாங்க. ஒருக்கா கை பாத்துட்டா எனக்கும் நிம்மதியா இருக்கும்."

தன்னைத் தூக்கி வந்த கையைத்தான் சொன்னார்.

என் கணவர் கையை நீட்டினார். ஒரு சாண் முன்னால் கை நின்றது. இந்த முறை நடிக்கவில்லை. விரல்கள் கோணிக்கொண்டு நடுங்கின. எல்லோரும் கைதட்டினார்கள். தர்ஷன் மட்டும் உதட்டைப் பிதுக்கினார்.

"என்ன இருந்தாலும் பழைய மணி மாதிரி வராதுங்க. அப்பெல்லாம் கை எத்தன கெட்டியா நிக்கும்!"

காபி வந்தது. நின்றபடி குடித்தோம். நான் பாதியில் டம்ளரைத் தாம்பாளத்திலேயே வைத்துவிட்டு, அவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

லிஃப்டில் இறங்கினோம். தோட்டத்துக்கு வந்தபின் சொன்னார்.

"இன்னிக்கும் எனக்கு அத எடுக்கோணும்னு தோணல துளசி. ஆனா தோணலைங்கறது நானா, இந்த மணி சொல்லுதான்னு தெரியல. இனிமே தெரிஞ்சுக்க வழியே இல்ல."

பாதையில் ஒரு கொய்யா விழுந்து கிடந்தது. அவர் அதைப் பார்த்தார், கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தாண்டிப் போனார்.

நான் குனிந்து அதை எடுத்தேன். கூடையில் போடவில்லை, மடியில் கட்டிக்கொண்டேன். மேலே பால்கனியில் ரித்விக் ஐயா நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவர் கண் என் கணவரின் கையை விட்டு நகரவே இல்லை.