செண்பகவல்லி விலக்கு

காலையில் காரிடம் ஊதிக்காட்டுவது அந்தக் காலத்து மனிதர்களுக்குப் பல் தேய்ப்பதைப் போன்ற பழக்கம். ஸ்டியரிங்கின் நடுவே சிறிய சல்லடை ஒன்று இருக்கும். ஓட்டுபவர் அதில் மூச்சை ஊத வேண்டும். மூச்சில் சாராயம் இல்லையென்றால், "நன்றி, புறப்படலாம்" என்று சொல்லிக் கார் கிளம்பும். இருந்தால் நகராது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் தாய்மார்களும், முகூர்த்தத்துக்குப் போகிற பெரியவர்களும் ஊதிவிட்டுத்தான் புறப்பட்டார்கள். அந்தக் கருவிக்கு மூச்சுக்காவலி என்று பெயர்.

பெட்ரோல் தீர்ந்துபோன பிறகு வந்த சட்டம் அது. பழைய கார்களைத் தூக்கியெறிய யாருக்கும் மனம் வரவில்லை. எரிசாராயத்தில் ஓடும்படி அவற்றை மாற்றிக்கொண்டார்கள். பெரம்பலூரைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் விளைந்த மக்காச்சோளம் ஆலைகளுக்குப் போய்ச் சாராயமாகித் திரும்பி வந்தது. வீட்டுக்கு வீடு வாசலில் ஒரு தொட்டிச் சாராயம் நிற்கும்போது, ஓட்டுகிறவன் குடித்திருக்கிறானா என்று யார் பார்ப்பது? அந்த வேலையையும் காரிடமே ஒப்படைத்துவிட்டது அரசு.

மருதைமுத்து அப்படிக் கார்களை மாற்றிக்கொடுப்பவன். சோளக்காட்டின் நடுவே அவன் வீடும் பட்டறையும் ஒட்டியே இருந்தன. சாராயம் அரித்துவிடும் பழைய ரப்பர் குழாய்களைக் கழற்றி வேறு போடுவான். எரிபொருள் கூடுதலாகப் பாயும்படி ஊசிவாய்களை மாற்றுவான். கடைசியாக மூச்சுக்காவலியைப் பொருத்தி முத்திரை வைப்பான். அவன் குடித்ததே இல்லை. செண்பகவல்லியைப் பெண் கேட்டுப் போனபோது அவள் அண்ணன் தனவேல் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

ஆனாலும் சாயங்காலம் அவன் வீட்டுக்குள் நுழையும்போது சாராயக்கடையே எழுந்து வருவது போலிருக்கும். செண்பகவல்லி வாசலிலேயே துண்டோடு நிற்பாள். "ரெண்டு குடிகாரங்க நிக்கிறீங்க. ஒருத்தராச்சும் குளிச்சிட்டு உள்ள வாங்க" என்பாள். இன்னொரு குடிகாரன் என்று அவள் சொன்னது அவர்களுடைய காரை.

ஒரு மாசி மாதத்துச் சாயங்காலம், கொடியில் உலர்ந்த துணியை எடுக்கப் போனவளைக் கட்டுவிரியன் கடித்தது. சோளத்துக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும் என்பது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவள் பதறவில்லை. பட்டறைக்கு நடந்து வந்து, கடித்த இடத்தைக் காட்டி, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள்.

அன்று மத்தியானம்தான் எரிபொருள் குழாய் ஒன்று வெடித்து மருதைமுத்துவின் மேலெல்லாம் கொட்டியிருந்தது. நாள் முழுக்க அந்த ஆவியைத்தான் சுவாசித்திருந்தான். அவளைக் காரில் உட்காரவைத்து ஊதினான்.

"நீங்கள் மது அருந்தியிருக்கிறீர்கள்" என்றது கார், மிகக் கனிவாக. "தயவுசெய்து ஓய்வெடுங்கள். உங்கள் குடும்பத்துக்கு நீங்கள் தேவை."

அவன் ஓடிப்போய்க் குழாயடியில் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு, சட்டையை மாற்றி, வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து ஊதினான். கார் அதையே சொன்னது. அவசர ஊர்தியை அழைத்தான். அது தொலைவில் இருந்தது, புறப்பட்டுவிட்டதாகச் சொன்னார்கள். பட்டறையில் நின்ற மற்ற கார்களின் எஞ்சின்கள் கழற்றப்பட்டுக் கிடந்தன. காவலியைப் பிடுங்கினால் எஞ்சினை இயக்கும் மூளையும் சேர்ந்து அணைந்துவிடும். யாரும் ஏமாற்றிவிடக் கூடாது என்று அப்படி இணைக்கச் சொன்னது சட்டம். அப்படியே இணைத்தவன் அவன்தான்.

"நான் ஊதுறேங்க" என்றாள் செண்பகவல்லி. அவளுக்கு ஓட்டத் தெரியாது. கிளம்பிய பிறகு இடம் மாறிக்கொள்ளலாம் என்பது அவள் யோசனை. அவளைத் தூக்கி ஓட்டுநர் இருக்கையில் வைத்தான். அதற்குள் அவள் இமைகள் சரியத் தொடங்கியிருந்தன. சல்லடையில் உதட்டை வைத்து ஊதினாள்.

"மூச்சு போதவில்லை" என்றது கார். "மீண்டும் ஊதுங்கள்."

அவள் மீண்டும் ஊதினாள்.

"மூச்சு போதவில்லை. மீண்டும் ஊதுங்கள்."

அவளைத் தோளில் போட்டுக்கொண்டு சோளக்காட்டு வழியே நெடுஞ்சாலைக்கு ஓடினான். அங்கே கார்கள் போய்க்கொண்டுதான் இருந்தன. இரண்டு கார்கள் வேகத்தைக் குறைத்தன. கண்ணாடியை இறக்கியவர்கள் அவன் மேல் அடித்த வாடையை முகர்ந்துவிட்டு, கண்ணாடியை மறுபடி ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவசர ஊர்தி வந்து சேர்ந்தபோது அவள் முகத்தில் விழுந்திருந்த முடியை அவன் ஒதுக்கிக்கொண்டிருந்தான். அவள் மூச்சு நின்று சற்று நேரம் ஆகியிருந்தது.

காரே காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லியிருந்தது. குடிபோதையில் மனைவியைச் சாகவிட்டவன் என்று ஊரெல்லாம் பேச்சு. பிணவறை வாசலில் தனவேல் அவனை அறைந்தான். மருதைமுத்து தடுக்கவில்லை. மறுநாள் இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. அவன் உடம்பில் ஒரு துளி மதுவும் இல்லை. தனவேல் வந்து அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். தங்கச்சி சாவுக்கு ஒரு நியாயம் கிடைக்காமல் விடமாட்டேன் என்றான்.

சொன்னபடியே செய்தான். செண்பகவல்லியின் படத்தைப் பிடித்துக்கொண்டு ஊர்வலங்கள் நடந்தன. மருதைமுத்துவும் சென்னைக்குப் போய், அந்தச் சாயங்காலம் நடந்ததை, இதை விசாரிக்க அரசு அமைத்த குழுவின் முன் ஒன்று விடாமல் சொன்னான். குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எரிசாராயத்தோடு புழங்கும் தொழிலாளர்களின் கார்களில் காவலி கேள்வி கேட்கக் கூடாது என்று சட்டம் திருத்தப்பட்டது. அதற்குச் செண்பகவல்லி விலக்கு என்று பெயர் வைத்தார்கள். விலக்கு அட்டையைக் காட்டினால் கார் வாயை மூடிக்கொள்ளும். இன்னொருவன் மனைவியாவது பிழைப்பாள் என்று மருதைமுத்து நம்பினான்.

பிறகு ஆலைத் தொழிலாளர்களும் கேட்டார்கள், நியாயம்தான். சோளம் விதைக்கிறவர்கள் கேட்டார்கள். ஆலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள், காருக்கு எரிபொருள் நிரப்பும்போது கையில் பட்டவர்கள் எல்லோரும் கேட்டார்கள். மறுக்கிற அதிகாரியிடம் செண்பகவல்லியின் படத்தைக் காட்டினார்கள். யாரும் மறுக்கத் துணியவில்லை.

முதல் வருட நினைவு நாளில் சொந்தபந்தங்கள் வந்திருந்தார்கள். படையல் முடிந்து, சாப்பாடும் முடிந்தது. பட்டறைக்குப் பின்னால் ஆண்கள் கூடியிருந்ததை மருதைமுத்து கவனிக்கவில்லை. வெயில் தாழும் முன்னே தனவேல் பிள்ளைகளைக் காரில் ஏற்றிவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு தள்ளாடி நின்றான்.

மருதைமுத்து அவன் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டான்.

"மச்சான், இப்ப ஓட்ட வேணாம். பிள்ளைங்க இருக்கு. விடிஞ்சு போவலாம்."

தனவேல் சட்டைப்பையிலிருந்து விலக்கு அட்டையை எடுத்துக் காட்டினான். "எனக்கா சொல்ற மாப்ள? என் தங்கச்சி பேருல வாங்குனது. வண்டியே கேக்கறதில்ல, நீ கேக்குற."

மருதைமுத்து சாவியைத் தரவில்லை. சுற்றி நின்றவர்களுக்குச் சங்கடமாகிவிட்டது. உறவில் மூத்தவர் ஒருவர் வந்து அவன் தோளில் கை வைத்தார்.

"அந்தப் பொண்ணு உசுரக் குடுத்து வாங்கிக் குடுத்த உரிமைப்பா இது. இன்னிக்குப் போயி நீயே தடுத்தா, அவ ஆத்மா சாந்தியடையுமா?"

மடங்கியிருந்த அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சாவியை எடுத்தார்கள். கார் எதுவும் கேட்காமல் கிளம்பியது. பின்னிருக்கையிலிருந்து பிள்ளைகள் அவனுக்குக் கையசைத்தார்கள்.