குரல் வந்தால் ஆள் இருக்கிறான்

பேய் என்றால் இருட்டில்தான் வரும் என்று யார் சொல்லி வைத்தார்களோ தெரியவில்லை. இந்தக் கதையில் வந்தது பட்டப்பகலில் வந்தது. காலை பத்தரை மணி, மண்டையைப் பிளக்கிற வெயில், ஈ காக்கை இல்லாத சாலை.

அந்தச் சாலையில் இரண்டு பேர் சைக்கிளை விட்டு இறங்கினார்கள். ஒருவர் கேபிள் ஜாயின்டர். மண்ணுக்கு அடியில் போகிற டெலிபோன் கம்பிகளை இணைப்பது அவர் வேலை. இருபத்திரண்டு வருஷமாக முறுக்கி முறுக்கிக் கட்டியதில் சொந்தப் பெயர் அவருக்கே பாதி மறந்துபோய், ஆபீஸில் எல்லோருக்கும் அவர் 'முடிச்சு'. கூட வந்தவன் அவருடைய தங்கையின் கணவன். கல்யாணத்துக்கு முன்பே இவரிடம் வேலை பழகியவன் என்பதால் வேலையிடத்தில் 'வாடா மாப்ளே', வீட்டில் தங்கை எதிரில் மட்டும் 'வாங்க மாப்பிள்ளை'. இரண்டுக்கும் அவன் ஒரே மாதிரி பல்லைக் காட்டுவான்.

ஊர் நாலு பக்கமும் வீங்கிக்கொண்டிருந்த காலம் அது. போன் கேட்டு மனுப் போட்டுவிட்டு எட்டு வருஷம், பத்து வருஷம் என்று காத்துக் கிடந்தவர்களுக்காகப் புதிதாக நூறு ஜோடிக் கேபிள் ஒன்று இழுத்திருந்தார்கள். இரண்டு கம்பி சேர்ந்தால் ஒரு ஜோடி. ஒரு ஜோடி என்றால் ஒரு போன். அன்று சாயங்காலத்துக்குள் நூறும் பேசியாக வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு.

சாலையோரம் இரண்டு குழிகள், ஒவ்வொன்றும் ஓர் ஆள் உயரத்துக்கு மேல் ஆழம். இடையில் அரைக் கிலோமீட்டர் தூரம், நடுவில் ஒரு வளைவு. ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரியாது. குழிக்குள் விஷக்காற்று தங்கும், அதனால் ஒருவன் இறங்கினால் இன்னொருவன் மேலே நின்று காவல் பார்க்க வேண்டும் என்பது சட்டம். சட்டத்துக்கு நாலு பேர் வேண்டும். ஆபீஸ் அனுப்பியது இரண்டு பேரை.

அதற்கும் இவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். டெஸ்ட் போனைக் காதில் கட்டிக்கொண்டு பேசிக்கொண்டே வேலை செய்வது. குரல் வந்தால் ஆள் இருக்கிறான். குரல் நின்றால் ஓடு. ஆறு வருஷமாக இந்த ஏற்பாடு பழுதில்லாமல் ஓடியது. தங்கைக்கு மட்டும் இதில் சம்மதம் இல்லை. "இடுப்புல கயிறு கட்டி மேல இரும்புக் கம்பத்துல முடிஞ்சுக்கிட்டாதான் ரெண்டு பேரும் இறங்கணும்" என்று சத்தியம் வாங்கியிருந்தாள். அதையும் செய்தார்கள்.

முடிச்சு தன் குழிக்குள் இறங்கினார். ஈரமண் வாசனையோடு இன்னொன்றும் இருந்தது. பழைய இரும்புப் பெட்டியைத் திறந்தால் வருமே, அந்த வாடை. சுவரோரமாக ஒரு பழைய ஈயக் கேபிள் கிடந்தது. எந்தக் காலத்திலோ இரண்டு முனையும் அறுத்துப் போட்ட செத்த கேபிள். எடுத்துப்போட ஆள் இல்லாமல் அப்படியே விட்டுவிட்டார்கள். அதன்மேல் பையை வைத்துவிட்டு, புதுக் கேபிளில் பேச்சுக்கென்று ஒதுக்கிய ஜோடியில் போனின் இரண்டு கிளிப்பையும் மாட்டினார்.

"மாப்ளே, இருக்கியா?"

"இல்ல மச்சான், செத்துட்டேன். ஒண்ணு. தொட்டாச்சு."

அவன் அந்தப் பக்கம் ஒரு ஜோடியைத் தொட்டால் இந்தப் பக்கம் அதே ஜோடியில் 'டிக்' என்று கேட்கும். கேட்டதும் "கட்டு" என்று சொல்லிவிட்டு இருவரும் அவரவர் முனையை முறுக்கிக் கட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை. நடுநடுவே மாப்பிள்ளையின் வாய் ஓயாது. பொண்டாட்டி நேற்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டது, சூப்பர்வைசரின் தொப்பை, சைக்கிளில் காற்று நிற்காதது என்று எதையாவது பேசிக்கொண்டே இருப்பான்.

முப்பத்தெட்டு வரை அப்படித்தான் போனது.

"முப்பத்தொன்பது."

டிக்.

"நாப்பது."

டிக்.

நாற்பத்தைந்து வந்தபோதுதான் முடிச்சுக்கு ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. ஏழு ஜோடியாகப் புலம்பல் ஒன்றும் இல்லை. கோபித்துக்கொண்டானோ என்று நினைத்தார்.

"என்ன மாப்ளே, வாயில கொழுக்கட்டையா?"

"நாப்பத்தாறு."

டிக்.

எண்கள் சீராக வந்தன. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இம்மி பிசகவில்லை. டெஸ்ட் போனில் எதிராளி மூச்சு விடுவது கூடக் கேட்கும். மாப்பிள்ளைக்குச் சளி வேறு. இப்போது மூச்சே கேட்கவில்லை. குரல் மட்டும் வந்தது.

முடிச்சு போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டார்.

"ஐம்பத்தெட்டு."

டிக். கட்டினார். அடுத்ததைத் தொடாமல் கையை நிறுத்தினார்.

"மாப்ளே, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"எல்லாம் சரியா இருக்கு மச்சான்."

"தண்ணி எடுத்துக்கிட்டு ஒரு எட்டு வந்து பார்க்கட்டுமா?"

முடிச்சு கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"வராதீங்க."

ஆறு வருஷத்தில் தண்ணீர் வேண்டாம் என்று சொன்ன மாப்பிள்ளையை முடிச்சு பார்த்ததில்லை. கிளிப்பைக் கழற்றுவதற்காகப் புதுக் கேபிளைத் தடவினார். அங்கே கிளிப் இல்லை.

வயரைப் பிடித்துக்கொண்டே கையைக் கீழே கொண்டுபோனார். இரண்டு கிளிப்பும் அந்தச் செத்த கேபிளின் அறுந்த முனையைக் கவ்விக்கொண்டிருந்தன.

காதில் குரல் வந்தது.

"வராதீங்க மச்சான். எல்லாம் சரியா இருக்கு."

போனைப் பிய்த்து எறிந்துவிட்டு ஏறினார். கயிற்றை அவிழ்க்கக்கூடப் பொறுமை இல்லை, கத்தியால் அறுத்தார். அந்த அரைக் கிலோமீட்டரை எப்படி ஓடினார் என்று அவருக்கே தெரியாது. வளைவு தாண்டியதும் சிவப்புக் கொடியும் இரும்புக் கம்பமும் தெரிந்தன. கம்பத்திலிருந்து இறங்கிய கயிறு விறைப்பாக நின்றது.

உள்ளே மாப்பிள்ளை தலை தொங்கிக் கிடந்தான். இறங்கினால் இரண்டு பிணம் என்று தெரியும். கயிற்றைப் பிடித்து இழுத்தார்; ஒற்றை ஆளால் முடியவில்லை. கத்தினார். அந்த வழியாக வந்த தண்ணீர் லாரிக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வந்து கை கொடுத்தார். இருவருமாக மூட்டையைத் தூக்குவதுபோல அவனை மேலே தூக்கி, அதே லாரியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

பாதி வழியில் மாப்பிள்ளை கண்ணைத் திறந்தான்.

"நீங்கதானே மச்சான் மேல வராதேன்னு சொன்னீங்க?"

"நானா?"

"முப்பத்தெட்டு கட்டினதும் தலை சுத்துச்சு. சொன்னேன். 'எல்லாம் சரியா இருக்கு, மேல வராதே, அப்படியே உட்காரு'ன்னீங்க." குறை சொல்கிற குரல் இல்லை அது. நம்பியதைத் திருப்பிச் சொன்னான், அவ்வளவுதான். அதுதான் முடிச்சுக்குத் தாங்கவில்லை. வாய்விட்டு அழுதார்.

ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் வைத்தார்கள். டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். "நுரையீரல் ரொம்ப கெட்டிருக்கு. சம்சாரத்தை வரச் சொல்லிடுங்க" என்றார்.

வார்டில் நர்ஸின் மேஜைமேல் ஒரு போன் இருந்தது. நர்ஸ் அதை அவர் பக்கம் நகர்த்தினாள். "தகவல் சொல்லணும்னா பேசிக்குங்க."

முடிச்சு பாம்பைக் கண்டவர்போலப் பின்வாங்கினார். லாரிக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்களுக்குப் புண்ணியமாப் போகும். நேர்ல போய், என் தங்கச்சி முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க. போன் வேண்டாம்."

நல்ல மனிதர், உடனே கிளம்பினார். ஒரு மணி நேரத்தில் தங்கை வந்துவிடலாம்.

வரவில்லை.

"அவ வரலையா மச்சான்?" என்று மாப்பிள்ளை கேட்டான். கண் கதவின்மேலேயே இருந்தது.

"வந்துட்டே இருக்கா."

மூன்று மணிக்கு சூப்பர்வைசர் வந்தார். நோயாளியைப் பார்த்து உச்சுக் கொட்டிவிட்டு, முடிச்சை வராந்தாவுக்கு அழைத்துப்போய் முதுகில் தட்டினார்.

"இந்தக் கஷ்டத்துலயும் வேலையை முடிச்சுட்டீங்களே! நூறு லைனும் உயிரோட இருக்கு. இப்பதான் புதுக் குடியிருப்புல கடை கடையா மணி அடிச்சுப் பார்த்துட்டு வரேன்."

"நான் ஐம்பத்தெட்டுதான் சார் கட்டினேன். அவன் முப்பத்தெட்டோட விழுந்துட்டான்."

"வெயில் தலைக்கு ஏறிடுச்சு உங்களுக்கு. காத்தாட விட்டு ரெண்டு குழியிலயும் நானே இறங்கிப் பார்த்தேன். உங்க முடிச்சு எனக்குத் தெரியாதா?"

முடிச்சு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அந்த லைனை நிறுத்துங்க சார். கும்பிட்டுக் கேட்கிறேன். அதுல வேற யாரோ பேசுறாங்க."

சூப்பர்வைசர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "பத்து வருஷம் காத்திருந்த ஜனங்க. நிறுத்துன்னா என்னைத்தான் உதைப்பாங்க. போய் மாப்பிள்ளையைப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மூன்றரைக்கும் தங்கை வரவில்லை. நாலுக்கும் வரவில்லை. விட்டுவிட்டுப் போகவும் மனசில்லை, போன் பக்கம் போகவும் துணிவில்லை. மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு கதவையும் அவன் நெஞ்சையும் மாறி மாறிப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நாலரைக்கு அந்த நெஞ்சு ஏறி இறங்குவது நின்றது. கண் மட்டும் கதவைப் பார்த்தபடி இருந்தது. நர்ஸ்தான் வந்து மூடினாள்.

தங்கையிடம் இதை யார் சொல்வது? அவர்தான் சொல்ல வேண்டும், நேரில்தான் சொல்ல வேண்டும். பஸ்ஸில் ஏறினார். வழியெல்லாம் புதுக் கம்பங்கள், புது வயர்கள். ஜன்னல் வழியே பார்க்கப் பயந்து தலையைக் குனிந்துகொண்டே வந்தார்.

தெருமுனையில் இறங்கியபோது பொழுது இன்னும் சாயவில்லை. முனையில் ஒரு மளிகைக் கடை. தங்கை அதன் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். காலடியில் துணி அடைத்த ஒரு பை. காதில் கடைக்காரரின் புதுச் சிவப்பு போன்.

அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, நூறு வயசு உனக்கு! இப்பதான் உன்னைப் பத்திப் பேசிட்டிருந்தோம்."

"யாரோட?" குரல் அவருக்கே கேட்கவில்லை.

"யாரோடயா? உன் மாப்பிள்ளையோடதான். மத்தியானம் லாரிக்காரர் வந்து சொன்னப்போ என் உயிரே என்கிட்ட இல்லண்ணே. பையை எடுத்துக்கிட்டு ஓடி வரேன், கடைக்காரர் 'உன் அண்ணன் லைன்ல இருக்கார்'னு கூப்பிட்டார். நீ சொன்னப்புறம்தான் மூச்சு வந்துச்சு."

"நான் என்ன சொன்னேன்?"

"எல்லாம் சரியா இருக்கு, வராதேன்னு சொன்னியே. இருந்தும் மனசு கேட்கல, நாலரை மணிக்கு மறுபடியும் கிளம்பினேன். அதுக்குள்ள அவரே கூப்பிட்டுட்டார். அப்பலேர்ந்து வைக்கவே மாட்டேங்கிறார், பேசிட்டே இருக்கார். கடைக்காரர் முறைக்கிறார் பாரு. இந்தா, நீயே பேசு."

ரிசீவரை அவர் கையில் திணித்தாள். சூடாக இருந்தது.

இரைச்சல் இல்லை. மூச்சும் இல்லை.

"மச்சான்," என்றது மாப்பிள்ளையின் குரல். "அவகிட்ட எதுவும் சொல்லாதீங்க."

தங்கை அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். அவள் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அணைந்தது.

"ஏண்ணே உன் முகம் இப்படி இருக்கு? என்ன சொல்றார்? நிஜமாவே நல்லாத்தானே இருக்கார்?"

சொல்லித்தான் ஆக வேண்டும். முடிச்சு எச்சில் கூட்டி விழுங்கினார்.

"மாப்பிள்ளை நல்லா இருக்கார்ம்மா. நீ வீட்டுக்குப் போ."

குரல் அவருடையதுதான். அதே இழுப்பு, அதே கரகரப்பு. தங்கை பெருமூச்சு விட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு தெருவுக்குள் நடந்தாள்.

முடிச்சு இன்னும் வாயைத் திறக்கவே இல்லை.