தியேட்டரில் தைரியம் சொல்பவள்

கடற்கரைப் பக்கம் ஒரு பழைய பிரெஞ்சுக்காரன் வீட்டை வாங்கி நர்சிங் ஹோம் ஆக்கியிருந்தார்கள். நான் நர்ஸாகச் சேர்ந்த அன்று வெயில் கொளுத்தியது. ஆனாலும் ஆபரேஷன் தியேட்டருக்குள் கால் வைத்ததும் உடம்பு சிலிர்த்தது. ஏசி கூட ஓடவில்லை. ஸ்பிரிட் நெடிக்கு அடியில் ஈரச் சுண்ணாம்பு வாடை வந்தது. ஜன்னலை அடைத்துப் பூசிய சுவராம். எத்தனை தடவை பெயின்ட் அடித்தாலும் ஈரம் திரும்பிவிடுமாம்.

சீனியர் நர்ஸ் ஹேமலதா அக்கா என்னை ஓரமாக இழுத்துக் கிசுகிசுத்தாள்.

"செல்வி, ஆபரேஷன் நடக்கறப்ப யாராச்சும் 'ஒன்னுமில்ல'ன்னு சொன்னா, சொன்னது யாருன்னு திரும்பிப் பாத்துக்க."

"புதுசா வந்தவகிட்ட பேய்க்கத விடுறீங்களா?" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவள் சிரிக்கவில்லை.

அடுத்த வாரமே என் தம்பி நெடுமாறன் குடல்வால் வலியில் துடித்தான். பிள்ளைச்சாவடியில் போட்டில் கடலுக்குப் போகிறவன், புழு மாதிரி சுருண்டு கிடந்தான். கோரிமேட்டுப் பெரியாஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள் அம்மா. நான்தான் அடம்பிடித்து இங்கே கூட்டிவந்தேன்.

"அக்கா, கூடவே இருப்பல்ல?" என்றான் டேபிளில் படுத்தபடி.

"எங்கடா போயிடப் போறேன்? கண்ண மூடு."

மயக்க டாக்டர் ராஜவேல் ஊசி போட்டு, வாய் வழியாக மூச்சுக் குழாயை இறக்கினார். ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார். குழாய் சரியான இடத்தில் இருந்தால் ஒவ்வொரு மூச்சுக்கும் திரையில் ஒரு கோடு எழும்ப வேண்டும். எழும்பவில்லை. டாக்டர் நெற்றியைச் சுருக்கினார்.

"அந்த ஒயரு காலையிலேயே சரியில்ல சார்."

இதமான பெண் குரல். டாக்டரின் நெற்றி தெளிந்தது. சர்ஜன் கத்தியைக் கேட்டு வாங்கினார்.

நான் திரும்பிப் பார்த்தேன். சுவர்தான் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் ஆக்சிஜன் அளவு இறங்கத் தொடங்கியது. மிஷின் கத்தியது.

"ஒன்னுமில்ல சார். வெரலு சில்லுன்னு இருக்கு, கிளிப்ப மாத்திப் போடுங்க."

மாற்றிப் போட்டார். ஹேமலதா அக்கா மாஸ்க்குக்கு மேலே கண்ணை விரித்து என்னையே பார்த்தாள். சொன்னது அவளும் இல்லை.

கொடுமை என்னவென்றால், அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கும் மனசு லேசாகிவிட்டது.

பிறகுதான் தம்பியின் உதட்டைப் பார்த்தேன். நாவல்பழம் தின்றவன் உதடு மாதிரி இருந்தது.

குழாய் வயிற்றுக்குள் போயிருக்கிறது. பிடுங்குங்கள் சார்! கத்த வாயைத் திறந்தேன்.

நாக்கில் சுண்ணாம்பு கரித்தது.

"பயப்படாதீங்க சார்," என்றது என் வாய். "நல்லாத்தான் இருக்கான்."

டாக்டர் தலையாட்டினார்.

இதயம் நின்ற பிறகு குழாயைப் பிடுங்கினார்கள். நெஞ்சை அமுக்கி அமுக்கிப் பார்த்தார்கள். "ஒயருன்னு யாரு சொன்னது?" என்று ராஜவேல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஐயோ, கூடவே இருந்து நானே அவனை அனுப்பிவைத்தேன்.

வராந்தாவில் அம்மா பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்த முகமாக எழுந்தாள்.

"கடையில பாலு வாங்கியாந்துட்டேன்டி. சூடா இருக்கு."

"யாரும்மா வாங்கியாரச் சொன்னது?"

"நர்ஸு பொண்ணு ஒன்னு கதவத் தொறந்து எட்டிப் பாத்து சொல்லுச்சே. தம்பி முழிச்சிட்டான், பசிக்குதுங்கறான்னு. எனக்கு அப்பதான் உசுரே வந்துச்சு."

தியேட்டரிலிருந்து யாரும் வெளியே வரவில்லை. எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன். அம்மா என்னைக் கவனிக்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்துத் தலையாட்டினாள்.

"தோ, அதே பொண்ணுதான். வான்னு கூப்புடுது பாரு."

திரும்பினேன். தியேட்டர் கதவு சாத்தியிருந்தது.

"தோ வந்துட்டேம்மா," என்று பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு அம்மா அந்தக் கதவை நோக்கி நடந்தாள்.