தாழத் தொங்கிய படங்கள்

வின்னிபெக்கில் ஜனவரி மாதக் காலை என்பது பெயருக்குத்தான் காலை. இருட்டு கொஞ்சம் வெளுத்திருக்கும், அவ்வளவுதான். அப்படி ஒரு வியாழக்கிழமை ஓரெஸ்ட் டானில்சுக் காரை நிறுத்தி, எஞ்சின் உறைந்துபோகாதபடி சூடாக வைக்கும் மின்வயரைக் கம்பத்திலிருந்த பிளக்கில் சொருகிவிட்டு, நகரக் கலைக்கூடத்துக்குள் நுழைந்தார். பூட்ஸிலிருந்த பனியை உதறினார். கோட்டைக் கொடுத்து டோக்கனை வாங்கிக்கொண்டார்.

சனிக்கிழமைப் பத்திரிகையில் கண்காட்சி விமர்சனம் எழுதுகிறவர். அடுத்தவர் வேலையில் குறை சொல்லியே வயிறு வளர்த்த மனிதன் என்று ஊர் ஓவியர்கள் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள், நேரில் பார்த்தால் சிரித்துக் கைகொடுப்பார்கள். மனைவி லெஸ்யா இறந்து சில வருடங்களாகின்றன. மகன் கால்கரியில் இருக்கிறான், கிறிஸ்துமஸுக்குப் போன் செய்வான். ஓரெஸ்டை ஓர் இடத்துக்கு வரச் சொல்லி அழைக்க மிச்சமிருந்தது அந்தச் சனிக்கிழமைப் பத்தி ஒன்றுதான். அதுவும் போய்விட்டால், இந்த மனிதனை எங்கே காணோம் என்று கேட்க நாதி கிடையாது. இது அவருக்கும் தெரியும்.

அன்று பத்திரிகைக்காரர்களுக்கு மட்டுமான முன்காட்சி. கண்காட்சியை அமைத்த கிளேர் போத்ரி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"ஓரெஸ்ட், நல்ல மூடுலதானே வந்திருக்கீங்க?"

"காபி கிடைச்சா நல்ல மூடு. இல்லன்னா சனிக்கிழமை எழுத்துல தெரியும்."

"மிரட்டாதீங்க. ரெண்டு கப்பா எடுத்துக்குங்க."

சிக்ரித் ஐனார்சன் என்ற ஓவியரின் கண்காட்சி. ஏரிக்கரை வீட்டில் தனியாக வாழ்ந்தவள். சிறு வயதில் போலியோ வந்து கால்கள் போனபின் நாற்காலியில் உட்கார்ந்தபடியே வரைந்தாள். எதிரே இன்னொரு நாற்காலியை எப்போதும் போட்டு வைத்திருப்பாளாம், யாராவது வந்தால் உட்கார. ஏலக்காய் போட்ட கேக்கும் சுட்டு வைப்பாளாம். யாரும் வரவில்லை. அவள் இறந்ததே பல நாள் கழித்துத்தான் தெரிந்தது. இதையெல்லாம் கிளேர் சொல்லி முடித்ததும் நிருபர்கள் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்தார்கள்.

கடைசி அறைக்கு ஓரெஸ்ட் மட்டும் போனார். அங்கே ஏரி ஓவியங்கள்: ஒரு ஜன்னல், உறைந்த நீர், ஒருவரும் நடந்திராத பனிப் பாதை. ஒரே காட்சி, திரும்பத் திரும்ப. நல்ல ஓவியங்கள்தான். ஆனால் எல்லாமே தாழ மாட்டப்பட்டிருந்தன. நிற்பவரின் கண் மட்டத்துக்கு ஓவியத்தின் நடு வர வேண்டும் என்பது இந்தத் தொழிலில் அரிச்சுவடி. இங்கே இவர் கூனிக் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. இடுப்பு வலித்தது. எரிச்சலுடன் அறையின் நடுவிலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்.

எல்லா ஓவியங்களும் சொல்லிவைத்தாற்போல் கண்ணுக்கு நேரே வந்தன.

லெஸ்யாவின் ஞாபகம் வந்தது. "நம்ம வீட்டுல யாரு நின்னுக்கிட்டு டீ குடிக்கிறாங்க? படத்தையெல்லாம் கொஞ்சம் கீழ மாட்டுங்களேன்" என்று கேலி செய்வாள். இவர் ஒருநாளும் கேட்டதில்லை.

அப்போது பெஞ்சின் மறுபக்கம் மெல்ல அழுந்தியது.

ஈரக் கம்பளி வாசனை. ஓவியர்கள் வண்ணம் கரைக்கும் டர்பன்டைன். கூடவே ஏலக்காய், கேக்கில் போடுவதுபோல.

இவர் திரும்பிப் பார்க்கவில்லை. முன்காட்சியில் ஒரு விமர்சகர் இன்னொருவர் முகத்தைப் பார்க்க மாட்டார். முகத்தைப் பார்த்தால் அபிப்பிராயத்தைத் திருடியதுபோலாகிவிடும். யாரோ நிருபர், கால் வலித்து உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார். பக்கத்தில் ஓர் ஆள் மூச்சுவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது சுகமாகக்கூட இருந்தது. அப்படி உட்கார்ந்து எத்தனையோ காலமாகியிருந்தது.

"அவசரமா?"

கிசுகிசுப்பான பெண்குரல்.

"கொஞ்சம் அவசரந்தான். கட்டுரை குடுக்கணும்" என்றார், ஓவியத்திலிருந்து கண்ணை எடுக்காமலே.

பெஞ்ச் மேலெழவில்லை. நாகரிகத்தை மறந்து அவர் திரும்பியபோது பக்கத்தில் ஒருவரும் இல்லை.

சனிக்கிழமை கட்டுரை வந்தது. ஓவியரைப் புகழ்ந்திருந்தார். கடைசி அறையைக் கிழித்திருந்தார்: "குழந்தைகளுக்கு மாட்டியதுபோல் தாழ மாட்டியிருக்கிறார்கள். இத்தனை பெரிய கலைக்கூடத்தில் மட்டம் பார்க்க ஒருவரும் இல்லையா?"

திங்கட்கிழமை கிளேர் போனில் பிடித்துக்கொண்டாள்.

"ஓரெஸ்ட், எந்த அறையைப் பாத்து எழுதுனீங்க? எங்க படமெல்லாம் சரியான உயரத்துலதான் இருக்கு."

"நான் குனிஞ்சு பாத்தேன், கிளேர். இன்னும் இடுப்பு வலிக்குது."

"அப்ப வாங்க. நீங்களே அளந்து பாருங்க. உங்க பத்திரிகை ஆசிரியர்கிட்டயும் சொல்லிட்டேன்."

அன்று சாயங்காலமே போனார். கடைசி அறை வாசலில் காவலர் ரொமெல் அபாட் நின்றிருந்தான். வழக்கமாக நாற்காலியை அறைக்குள் போட்டு உட்காருகிறவன், இன்று வெளியே, சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றான்.

கிளேர் அளவுநாடாவை நீட்டிப் பிடித்தாள். அளக்கவே வேண்டியிருக்கவில்லை. எல்லா ஓவியங்களும் இவர் கண்ணுக்கு நேரே, நின்ற நிலையிலேயே, மிகச் சரியாக இருந்தன. யாரோ மாற்றி மாட்டினார்களா என்று சுவரைத் தடவிப் பார்த்தார். புதுத் துளையோ பூச்சோ எதுவும் இல்லை.

"வருத்தம் தெரிவிச்சு நாலு வரி போட்டுடுங்க" என்றாள் கிளேர். குரலில் கோபம் போய் இரக்கம் வந்திருந்தது. அதுதான் அவரைக் கொன்றது. "டாக்டர்கிட்ட கண்ணைக் காட்டுனீங்களா?"

யாரோ கூப்பிட, அவள் போய்விட்டாள். ஓரெஸ்ட் அறை நடுவில் தனியாக நின்றார். கண்தான் அவர் சோறு. கண் பொய் சொன்னால் பத்தியும் இல்லை, சனிக்கிழமையும் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்தார்.

இப்போது ஓவியங்கள் தலைக்கு மேலே தெரிய வேண்டும்.

தெரியவில்லை. கண்ணுக்கு நேரே இருந்தன.

அவை நகர்ந்ததை அவர் பார்க்கவில்லை. படங்களைத் தாங்கிய கம்பிகள் மட்டும் சுவரில் உரசி, மெல்லிய கீச்சொலி ஒன்று அறையைச் சுற்றி வந்து அடங்கியது.

ஏலக்காய் வாசனை.

பெஞ்சின் மறுபக்கம் அழுந்தியது.

எழுந்து ஓடியிருக்கலாம். உடம்பு முழுக்கப் பயம். ஆனாலும் எழவில்லை. அந்தப் பயத்துக்கு அடியில் இன்னொன்று இருந்தது: தன் பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார் என்கிற ஏக்கம் பிடித்த நிம்மதி. அதை நினைத்தால்தான் அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

"இன்னும் கொஞ்ச நேரம்" என்றது குரல். சட்டைக் கை வழியே குளிர் ஏறியது, யாரோ விரல் வைத்ததுபோல.

"சார்."

வாசலிலிருந்து ரொமெல். உள்ளே காலெடுத்து வைக்கவில்லை.

"சார், என்னை மட்டும் பாத்துக்கிட்டு எழுந்து வாங்க. அந்தப் பக்கம் திரும்பாதீங்க."

ஓரெஸ்ட் அவன் முகத்தையே பிடிமானமாகக் கொண்டு எழுந்தார். வாசலுக்கு வந்ததும் ரொமெல் அவர் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தான்.

"என்ன பாத்த?" என்றார் ஓரெஸ்ட், படியிறங்கும்போது.

"நான் எதையும் பாக்கல, சார். உங்களைத்தான் பாத்தேன். அன்னைக்கு முன்காட்சியிலயும் வாசல்ல நின்னு பாத்தேன், இப்படித்தான். அவ்ளோ பெரிய பெஞ்சுல ஓரத்துல ஒடுங்கி உக்காந்திருந்தீங்க, யாருக்கோ இடம் விட்ட மாதிரி." சிலுவைக்குறி போட்டுக்கொண்டான். "நான் அந்த அறைக்கு முதுகு காட்டுறதில்ல. வேற எடம் கேட்டிருக்கேன். நீங்களும் வராதீங்க."

வருத்தம் தெரிவிக்கும் நாலு வரியை அன்றிரவே எழுதி அனுப்பினார். "தவறு என் கண்ணுடையது." வேறென்ன எழுதுவது? இறந்த சிக்ரித் படங்களை இறக்கிவைத்தாள் என்றா?

மறுநாள் மத்தியானம் பத்திரிகை ஆசிரியர் வெர்னா போனில் கூப்பிட்டாள்.

"ஆனைக்கும் அடி சறுக்கும், ஓரெஸ்ட். மனசுல வெச்சுக்காதீங்க. கொஞ்ச நாள் ஓய்வெடுங்களேன்."

"கொஞ்ச நாள்னா?"

"நானே கூப்பிடுறேன்."

நானே கூப்பிடுகிறேன் என்பதன் அர்த்தம், எங்காவது வேலை பார்த்த எவருக்கும் தெரியும்.

வீட்டில் இருக்க முடியாமல் வெளியே போனார். கடையில் உருளைக்கிழங்கு வைத்த பொரோகிக் கொழுக்கட்டை சாப்பிட்டார், பாதியில் வைத்துவிட்டார். ஆற்றங்கரைச் சாலையில் சும்மா காரை ஓட்டினார். இருட்டியதும் திரும்பி வந்து, காரின் வயரைச் சொருகிவிட்டு, மாடியேறி, கதவைத் திறந்து விளக்கைப் போட்டார்.

சோபாவுக்கு எதிர்ச் சுவரில் அவர் தன் கையால் மாட்டிய ஓவியங்கள்.

தாழ இருந்தன.

அவர் அடித்த ஆணிகள் மேலே, பழைய இடத்திலேயே, வெறுமையாக நின்றன. படங்களோ அவற்றுக்கு வெகு கீழே, எதிலும் மாட்டாமல், சுவரோடு சுவராக நேராகத் தொங்கின. உட்கார்ந்து டீ குடிப்பவரின் கண் மட்டம்.

"லெஸ்யா?" என்றார்.

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவருக்கு நெஞ்சு நிறைந்த சந்தோஷம். பூட்ஸைக்கூடக் கழற்றாமல் போய்ச் சோபாவில் உட்கார்ந்தார். ஓரமாக, இடம் விட்டு.

பிறகுதான் வாசனை வந்தது. லெஸ்யாவுக்கு ஏலக்காய் ஆகவே ஆகாது. வீட்டுக்குள் சேர்க்கவே மாட்டாள்.

சோபாவின் மறுபக்கம் மெல்ல அழுந்தியது.

அவர் திரும்பவில்லை. இந்த முறை அது நாகரிகத்தால் அல்ல. கீழே தெருவில் ஒரு கார் போனது. மேஜைமேல் போன் கிடந்தது. அது அடிக்கப்போவதில்லை.

"அவசரமா?"

கொடுக்க வேண்டிய கட்டுரை இல்லை. போக வேண்டிய இடம் இல்லை. தேடி வரவும் ஆள் இல்லை. அவளுக்கு எல்லாம் தெரிந்துதான் கேட்கிறாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"இல்லை" என்றார் ஓரெஸ்ட்.

விளக்கு தானாக அணைந்தது.